பழைய சாமான், புது வீடு

பட்டணத்தில் சில காலமாக ஒரு மோகம் பிடித்திருக்கிறது. வசதியுள்ளவர்கள் பழைய சாமான்களைத் தேடித் தேடி விலை கொடுத்து வாங்கி, அவற்றால் வீட்டை அலங்கரிக்கிறார்கள். மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ்டவுனும் 2008ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகு, பழைய கடைவீடுகளைப் பழுதுபார்த்து நடத்தும் காப்பிக் கடைகளும் பெருகிவிட்டன. உள்ளே நுழைந்து பாருங்கள். எனாமல் குவளை, மண்ணெண்ணெய் விளக்கு, பூப்போட்ட அடுக்குத் தூக்கு, முதுகு வளைந்த மர நாற்காலி, தையல் இயந்திரத்தின் இரும்புக் கால்மேல் பலகை போட்ட மேசை. இதற்கு ‘வின்டேஜ்’ என்று பெயர். நம் வீட்டு வழக்கில் சொன்னால் பாட்டி காலத்துச் சாமான், அவ்வளவுதான்.

அதே சாமான்கள் நம் வீடுகளிலிருந்து எப்படி வெளியேறுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒலிபெருக்கி கட்டிய லாரி ஒன்று லயத்து வாசலில் வந்து நிற்கும். பழைய இரும்பு, பித்தளை, பேப்பர் எல்லாம் எடுக்கப்படும் என்று அறிவிப்பு வரும். பாட்டியின் சீதனமாக வந்த பித்தளை அண்டா தராசில் ஏறும். எடைக்குத் தக்க காசு கைக்கு வரும். அந்தக் காசை எடுத்துக்கொண்டு பாசார் மாலாமுக்குப் போய், பிளாஸ்டிக் பூச்சாடியும் சுவரில் ஒட்டுகிற செங்கல் படத் தாளும் வாங்கி வருவோம். கொஞ்ச நாளில் அந்தத் தாள் ஈரம் பட்டு உரிந்து தொங்கும். நாம் எடைக்குப் போட்ட அண்டாவோ பட்டணத்துக் கடையில் அலங்காரப் பொருளாக, வேறு விலையில் உட்கார்ந்திருக்கும்.

தோட்டம் கைமாறி, அடுக்குமாடி வீட்டுக்குச் சாவி கிடைத்த குடும்பங்களில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. மூன்று தலைமுறைச் சாமான் ஒரே வாரத்தில் காலியாகிவிடுகிறது. 650, 700 சதுர அடி வீட்டில் எல்லாவற்றையும் கொண்டுபோய் அடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் எதை விடுவது, எதை எடுத்துச் செல்வது என்று உட்கார்ந்து யோசிக்கிறவர்கள் மிகச் சிலரே.

என்னிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் தாயார் சென்ற விடுமுறையில் இப்படித்தான் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.

“டீச்சர், இந்தப் பழசையெல்லாம் அங்க கொண்டுபோயி என்னாங்க செய்றது? கூட்டாளிங்க வந்தா பிள்ளைங்க வெக்கப்படுதுங்க” என்றார்.

“அக்கா, பிள்ளைங்க வெக்கப்படுறது சாமானைப் பார்த்து இல்லை. அது கிடக்கிற கோலத்தைப் பார்த்து. கரி பிடிச்சுக் கட்டிலுக்கடியில கிடந்தா யாருக்குத்தான் ஆசை வரும்? முதல்ல கழுவி ஒரு இடத்துல வச்சுப் பாருங்க. பிறகு லாரிக்குப் போடுறதைப் பத்தி யோசிக்கலாம்” என்றேன்.

அதே பேச்சைத்தான் இந்த மாதம் உங்களுக்கும் சொல்ல வந்திருக்கிறேன். வீட்டை அழகுபடுத்தக் காசு வேண்டும் என்று ஒத்திப்போடும் தாய்மார்களே, காசைத் தேடுமுன் கட்டிலுக்கடியில் பாருங்கள்.

முதலில் டிரங்குப் பெட்டியை இழுங்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். கங்காணி வழியாகவும் பிற உதவியோடும் கூலியாட்கள் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசாங்கம் 1938ஆம் ஆண்டில் தடை செய்தது. ஆகவே கங்காணியோடு வந்த பாட்டனார் கொண்டுவந்த பெட்டி என்றால் அதற்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். சொந்தச் செலவில் பிற்பாடு வந்தவர்களில் பலர் ரஜூலா கப்பலைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். அது 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய கப்பல். உங்கள் பெட்டியின் மூடியில் கப்பல் சீட்டோ, வர்ணத்தில் எழுதிய பெயரோ, ஊரோ இருந்தால் தயவுசெய்து அதைச் சுரண்டிவிடாதீர்கள். அந்தப் பெட்டிக்கு அழகே அதுதான்.

பெட்டியை அலங்காரத்துக்கு எடுக்குமுன் உள்ளே இருப்பதைத் தாள் தாளாகப் பிரித்துப் பாருங்கள். இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். கரையான் அரித்த குப்பை என்று அள்ளிக் கொட்டுவதில்தான் பெரிய நஷ்டம் நேர்கிறது. அவசரகாலம் தொடங்கிய 1948இல்தான் மலாயாவில் எல்லாருக்கும் அடையாள அட்டைப் பதிவு வந்தது. ஊழியர் சேமநிதி 1951இல் வந்தது. அந்தக் காலத்து அட்டை, சேமநிதித் தாள், பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பள்ளியை விட்டு விலகிய சான்றிதழ் இவற்றில் ஏதாவது ஒன்று பழைய சேலை மடிப்பில் இருக்கக்கூடும். பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ இல்லாமல் பதிவிலாகாவுக்கு நடையாய் நடக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருப்பது நீங்கள் அறிந்ததே. தாத்தா எந்த வருஷம் எந்தத் தோட்டத்தில் இருந்தார், அம்மா எங்கே பிறந்தார் என்று காட்ட ஒரே ஒரு தாள் பிற்காலத்தில் பேரப்பிள்ளைக்குத் தேவைப்படலாம். ஆகவே எந்தத் தாளையும் எறியாதீர்கள். நகல் எடுத்துக்கொண்டு, அசலை ஒரு பிளாஸ்டிக் உறையில் மடிக்காமல் வையுங்கள். கடையில் கொடுத்து லேமினேட் செய்வது வேண்டாம். சூடும் பசையும் பழைய தாளைக் கெடுக்கும். ஒருமுறை ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்கவும் முடியாது.

பெட்டி காலியான பிறகு ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். துரு ஏறிய இடத்தில் சிறிது வினிகரைத் தொட்டு, இரும்புப் பஞ்சால் மெல்லத் தேய்த்து, உடனே துடைத்துக் காயவைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லிசாகத் தடவினால் போதும். புது வர்ணம் அடிக்க வேண்டியதில்லை. கூடத்தில் நாற்காலிகளுக்கு நடுவே வைத்து மேலே ஒரு துணியை விரித்தால் காப்பி மேசை தயார். உள்ளே போர்வை தலையணை வைக்கலாம். தரை ஈரம் ஏறாமல் நான்கு மூலையிலும் சின்னக் கட்டைகளைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது பித்தளை. இதில்தான் நம் வீடுகள் உண்மையில் பணக்கார வீடுகள். குடம், அண்டா, தூக்குச் சட்டி, கூஜா, செம்பு, வெற்றிலைப் பெட்டி என்று எத்தனை வகை! கறுத்துப்போன பித்தளையைப் பார்த்து அது கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. காற்றும் ஈரமும் பட்டு மேலே கறுப்பு படிகிறது. புளியில் உள்ள அமிலம் அந்தப் படிவைக் கரைக்கிறது. நம் பாட்டிமார் வேதியியல் படிக்காமலே செய்த வேலை இது. பழைய புளியை வெந்நீரில் ஊறவைத்து, ஒரு கை உப்புப் போட்டுப் பிசைந்து, பாத்திரம் முழுவதும் பூசிப் பத்து நிமிடம் விட்டு, தேங்காய் நாரால் தேயுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். புளிப்பு ஒரு மூலையில் தங்கினாலும் மறுநாள் அங்கே பச்சை பூத்துவிடும். உடனே துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள்.

கல்யாணச் சீராக வந்த பாத்திரமானால் கழுத்திலோ வயிற்றிலோ புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அந்த இடத்தில் மணல், இரும்புப் பஞ்சு எதுவும் படக்கூடாது. எழுத்து தேய்ந்துவிடும். பித்தளைதானா, மேலே முலாம் பூசிய இரும்பா என்று ஐயமிருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது.

ஒரு எச்சரிக்கை. பளபளவென்று வந்துவிட்டதே என்று அந்தப் பாத்திரத்தில் ரசமும் புளிக்குழம்பும் வைத்துவிடாதீர்கள். புளியில் கறுப்புக் கரைவது போலவே செம்பும் கரைந்து சாப்பாட்டில் இறங்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் உள்ளே ஈயம் பூசினார்கள். அது காரீயமல்ல, வெள்ளீயம். பேராவில் பூமியைத் தோண்டி எடுத்தார்களே, அதே வகை. இப்போது பூசுவதற்கு ஆள் கிடைப்பது அரிது. ஆகவே பித்தளை பார்வைக்கு இருக்கட்டும், சமையல் வேறு பாத்திரத்தில் நடக்கட்டும். வாசலுக்குப் பக்கத்தில் அண்டாவை வைத்துக் குடைகளைப் போட்டு வைக்கலாம். கூஜாவையும் செம்பையும் சன்னல் விளிம்பில் வைத்தால் காலை வெயிலில் அந்த மூலையே வேறாகத் தெரியும்.

எனாமல் சாமான் இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளை உருக்கிப் பூசியது. கீழே போட்டால் பூச்சுத் தெறித்து இரும்பு தெரியும், துருப்பிடிக்கும். அப்படி உரிந்ததில் சாப்பிட வேண்டாம். பழைய எனாமலில், குறிப்பாகப் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் காரீயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கலந்திருப்பதுண்டு. எனவே உரியாததாக இருந்தாலும் பழம் வைக்க, சாவி போட, நூல்கண்டு வைக்க என்று பயன்படுத்துங்கள். பூப்போட்ட அடுக்குத் தூக்கு ஒன்றைப் பிரித்து வரிசையாக வைத்தால் ஊசி, பொத்தான், மருந்து மாத்திரை எல்லாம் அடங்கிவிடும். சீனர் கடைகளில் மீ போட்டுக் கொடுத்த சேவல் கிண்ணம் இரண்டொன்று இருந்தால் அவற்றுக்கும் இதே யோசனைதான்.

மரச் சாமானுக்கு வருவோம். பழைய பெஞ்சோ நாற்காலியோ கையில் தூக்கும்போது அதிகக் கனமாக இருந்தால் அது செங்கால் போன்ற உறுதி மரமாக இருக்கலாம். அதைக் கரையான் சுலபத்தில் தொடுவதில்லை. ரப்பர் மரச் சாமான் அப்படியல்ல. ரப்பர் மரத்துக்கு ஒரு கதை உண்டு. இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி, வீட்டு அடுப்புக்கும் புகைக் கொட்டகைக்கும்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய சில நாளிலே நீலம் பூத்து, வண்டு துளைத்துவிடும் மரம் என்று தச்சர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். போரான் மருந்து ஏற்றிச் சூட்டில் உலர்த்தும் முறை வந்த பிறகு, 1980களிலிருந்து அதே மரம் மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. நாம் எரித்த விறகு இன்று வெளிநாட்டுச் சாப்பாட்டு அறைகளில் நிற்கிறது! ஆனால் தோட்டத்தில் யாரோ கையால் அடித்துக் கொடுத்த ரப்பர் பலகை முக்காலிக்கு அந்த மருந்து ஏறியிருக்காது. அடியில் மாவு போல மரத்தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் மற்ற மரச் சாமானோடு சேர்க்காமல் தனியே வைத்து, போராக்ஸ் கரைசல் பூசி நன்றாக உலர்ந்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

முதுகு வளைந்த காப்பிக்கடை நாற்காலி கிடைத்தால் விடாதீர்கள். மைக்கேல் தோனெட் என்பவருடைய தொழிற்சாலை 1859இல், ஆஸ்திரியப் பேரரசில் செய்து வெளியிட்ட நாற்காலியின் வம்சம் அது. ஆவியில் வேகவைத்து வளைத்த ஆறு மரத்துண்டும் பத்துத் திருகாணியும் இரண்டு மரையும் மட்டுமே அதில் உண்டு. ஆகவே ஆடுகிற நாற்காலியைக் குப்பைக்குப் போடுமுன் அடியில் குனிந்து திருகாணியை முறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை.

காலால் மிதிக்கும் சிங்கர் இயந்திரம் உள்ள வீடுகளுக்கு நான் சொல்வது ஒன்றே. தலையைக் கழற்றிவிட்டு மேசையாக்குவது பட்டணத்து நாகரிகம். ஓடுகிற இயந்திரத்தை அப்படி உடைக்க வேண்டாம். துணி தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த இயந்திரம் எத்தனையோ வீடுகளில் உண்டு. மூடியைக் கவிழ்த்துச் சன்னலோரம் போட்டால் அது அப்படியே மேசைதான். வேண்டும்போது தைக்கவும் செய்யலாம். அதன் உடம்பில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வருஷம் செய்தது என்று அந்த எண்ணை வைத்துப் பட்டியலில் பார்த்துவிடலாம். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் சிங்கருக்கு மாபெரும் தொழிற்சாலை இருந்தது. அது 1980இல் மூடப்பட்டுவிட்டது.

இனிப் படங்கள். கூடத்துக்கு உயிர் கொடுப்பவை இவைதாம், சீக்கிரம் அழிபவையும் இவைதாம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளியின் நுண்துகள். ஈரமும் வெயிலும் அதற்கு எதிரிகள். நம் நாட்டிலோ இரண்டுக்கும் பஞ்சமில்லை. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்க முயலாதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு அப்படியே வைத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். 1970களிலும் 1980களிலும் எடுத்த வண்ணப் படங்கள் இதைவிட மோசம். பெட்டிக்குள் இருட்டில் வைத்தாலும் சாயம் மங்கிச் சிவந்து போகின்றன. இன்று கைப்பேசியிலேயே நகல் எடுக்கலாம். வெளிச்சமான நிழலில், மின்னல் விளக்குப் போடாமல், படத்துக்கு நேர்மேலே நின்று எடுத்தால் தெளிவாக வரும். பட்டணத்து ஸ்டூடியோவில் அச்சிட்டு வாங்கி நகலைச் சுவரில் மாட்டுங்கள். அசல் பெட்டிக்குள் இருக்கட்டும்.

சாமி மாடத்தில் வைக்கும் முன்னோர் படத்துக்கும் இதுவே முறை. பூமாலையின் ஈரமும், சாம்பிராணிப் புகையும், விளக்குச் சூடும், பொட்டு வைக்கும்போது இறங்கும் தண்ணீரும் வருஷக்கணக்கில் படத்தைத் தின்றுவிடுகின்றன. மாலை மரியாதை நகலுக்கு நடப்பதால் பாட்டனாருக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

இன்னொன்று. படத்தில் இருப்பவர் யார் யார் என்று பாட்டியிடம் இன்றே கேளுங்கள். ‘இது உங்க பெரிய தாத்தா, இது பக்கத்து வீட்டுக்காரர், இது அந்தக் காலத்துத் தண்டல்’ என்று சொல்லக்கூடியவர் வீட்டில் ஒருவர்தான் இருப்பார். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

துணி விஷயத்தில் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே கெட்டிக்காரிகள். ஐந்தரை மீட்டர் நூல் சேலை ஒன்றை இரண்டாக வெட்டினால் ஒரு சன்னலுக்கு இரு பக்கமும் திரை. ஓரம் கிழிந்த கட்டம் போட்ட கைலி நாற்காலி மெத்தைக்கு உறையாகும். மலாய்க்காரர்கள் அந்தக் கட்டத் துணியைப் ‘பலிக்காட்’ என்கிறார்களே, அது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் பெயர்தான். நம்மைப் போலவே கடல் கடந்து வந்த துணி.

இவ்வளவையும் துடைத்து எடுத்துக் கூடத்தில் வரிசையாகக் கொட்டிவிட்டால் அது பழைய சாமான் கடையாகிவிடும், வீடாகாது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பழைய காப்பிக்கடை ஏன் அழகாக இருக்கிறது? உயரமான வெறும் சுவர், நாலு மேசை, சுவரில் ஒரு கடிகாரம், ஒரு கண்ணாடி. வெற்றிடம்தான் அங்கே பாதி அழகு. நம் சின்னக் கூடத்தில் பெரிய பொருள் ஒன்று, நடுத்தரம் இரண்டு, சுவரில் படம் மூன்றோ நாலோ போதும். மற்றதைப் பெட்டியில் வைத்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாற்றி எடுத்து வைக்கலாம். சுவருக்கு வெள்ளை அல்லது பாலாடை நிறம். கீழ்ப் பாதிக்கு மட்டும் பச்சையோ வெளிர் நீலமோ அடித்தால் பழைய கடைவீட்டுக் களை வந்துவிடும். நான்கு சுவருக்கும் வேண்டாம், கூடத்தில் ஒரு சுவருக்கு மட்டும் செய்து பாருங்கள். செலவைப் பொறுத்தவரை என் யோசனை, மாதம் 20 வெள்ளி என்று ஒதுக்கி, ஒரு மாதம் சட்டம், ஒரு மாதம் வர்ணம் என்று மெதுவாகச் செய்வது. சம்பள நாளன்று எல்லாவற்றையும் வாங்கிவிட்டுப் பிறகு திண்டாட வேண்டாம்.

ஆபத்தான நாலைந்து காரியங்களைச் சொல்லாமல் விட முடியாது. பழைய சன்னல், கதவு, அலமாரிகளில் உள்ள எண்ணெய் வர்ணத்தில் காரீயம் கலந்திருக்கலாம். அதை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் வீடெங்கும் பரவும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும்போது உள்ளே போகும். அந்த நஞ்சு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே பழைய வர்ணத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து மேலே புது வர்ணம் அடித்துவிடுங்கள். பழைய கொட்டகையின் சாம்பல் நிற நெளிவுத் தகடு ஆஸ்பெஸ்டாஸ் ஆக இருக்கலாம். அதை அலங்காரத்துக்கென்று வெட்டவோ துளை போடவோ கூடாது.

வால்வு ரேடியோவை அழகுக்கு வையுங்கள், பல வருஷம் கிடந்ததை மின்சாரத்தில் மாட்டிப் பார்க்க வேண்டாம். மண்ணெண்ணெய் விளக்கைக் கழுவி, உள்ளே பேட்டரியில் எரியும் சின்ன விளக்கைப் போட்டால் போதும். அடுக்குமாடி வீட்டில் மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். பெட்ரோமாக்ஸ் விளக்கில் பழைய வலை தொங்கினால் ஊதித் தூள் பறக்க விடாதீர்கள். பழைய வலைகளில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்திருந்தார்கள். ஈரத் தாளில் பொதிந்து எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

ஆட்டுக்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நாலாவது மாடிக்கு அதைத் தூக்க வேண்டாம். கீழே வீடு கிடைத்தவர்கள் வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுகிறார்கள், பார்க்க அழகுதான். ஆனால் தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, சுமார் ஒரு வாரத்தில் கொசுவாகப் பறந்துவிடும். கொசுப் புழு கண்டால் அபராதம் விதிக்க 1975ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. டிங்கிக் காய்ச்சல் அபராதத்தைவிடப் பெரிய தண்டனை. வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவ முடிந்தால் வையுங்கள்; முடியாவிட்டால் மண் போட்டுத் துளசி நடுங்கள். மேல் மாடிக்காரர்கள் எந்தச் சாமானையும் பொது நடைபாதையிலும் படிக்கட்டிலும் வைக்க வேண்டாம். தீப் பிடித்தால் எல்லாரும் ஓடும் வழி அது.

கடைசியாக, தொழில் சாமான்கள். பால்வெட்டும் உளி, பால் மங்கு, காண்டா வாளி, காண்டாக் கட்டை. இவற்றைத்தான் நம்மவர்கள் முதலில் எறிகிறார்கள். செம்பனை வந்து ரப்பர் குறைந்த பிறகு இவை மிகவும் அருகிவிட்டன. என் வகுப்பில் பால் மங்கைக் காட்டி ‘இது என்ன’ என்று கேட்டால், ‘பூச்சட்டி’ என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டிமார் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த மங்கைத் துடைத்து வைத்தவர்கள்! பளபளப்பு ஏற்றிய மண் மங்காக இருந்தால் வெந்நீரில் ஊறவைத்து ஒட்டுப்பாலை உரித்து எடுங்கள். பிள்ளையின் மேசையில் பென்சில் வைக்க அதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. காண்டா வாளியின் உள்ளே சின்னப் பூச்சட்டியை இறக்கி வைக்கலாம். காண்டாக் கட்டை தேய்ந்து தேய்ந்து தோளின் வளைவுக்கு இசைந்திருக்கும். அதைச் சன்னலுக்கு மேலே இரண்டு ஆணியில் படுக்க வைத்தால் திரை மாட்டும் கம்பாகிவிடும்.

உளியைச் சுவரில் மாட்டுவதானால் முனை இன்னும் கூர்மையாகத்தான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பழைய ரப்பர் குழாய்த் துண்டைப் பிளந்து முனைக்கு உறையாகப் போட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பிடியோடு சேர்த்துக் கம்பியால் கட்டுங்கள். அருகே ஒரு சிறு அட்டையில் அது யாருடைய உளி, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை பால் வெட்டினார் என்று எழுதி ஒட்டுங்கள். கையெழுத்து அழகாக உள்ள பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். வருஷம் தெரியாவிட்டால் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு எழுதட்டும்.